ஓடாத கேன் ஸ்டிர்லிங் இன்ஜின்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

இந்தக் குறிப்பு பள்ளிப் பட்டறையில் மாணவர்கள் குளிர்பானக் கேனை வைத்துச் செய்யும் ஸ்டிர்லிங் இன்ஜினுக்கானது. அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குவதால் ஓடும் இன்ஜின் இது. கீழே ஸ்பிரிட் விளக்கு, மேலே ஐஸ் தண்ணீர், உள்ளே ஏறி இறங்கிக் காற்றைச் சூட்டுக்கும் குளிருக்கும் மாறி மாறித் தள்ளும் கம்பி நார் உருளையான டிஸ்பிளேசர், பக்கத்தில் மேல்நோக்கிய பிவிசி எல்போ, அதன் வாயில் கட்டிய பலூன், உச்சியில் சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்த கிராங்க் (ஏறி இறங்குவதைச் சுழற்சியாக்கும் அச்சு), சக்கரமாகப் பழைய சிடி. கோலிக்குண்டு போட்ட டெஸ்ட் டியூப் இன்ஜினும், கடையில் வாங்கிய இன்ஜினும் கடைசியில் வருகின்றன.

ஓடாத இன்ஜினைப் பார்த்ததும் மாணவர்கள் நெருப்பைத்தான் கூட்டுவார்கள். விளக்கு இரண்டாகும், பிறகு யாராவது கேஸ் பர்னர் கேட்பார்கள். அதைத் தடுப்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை. சரியாகச் செய்த கேன் இன்ஜினுக்கு ஒரு ஸ்பிரிட் விளக்கே தாராளம். அது போதவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது; கூடுதல் நெருப்பு பசையை இளக்கிப் புதிதாக இன்னொரு கோளாறைத்தான் சேர்க்கும்.

கீழே சொல்லும் சோதனைகளுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் அளவுகள்: 330 மி.லி. கேன், விட்டம் 66 மி.மீ. காற்று அடைபட்ட அறையின் உள் உயரம் 78 மி.மீ. டிஸ்பிளேசர் 50 மி.மீ. உயரம், 61 அல்லது 62 மி.மீ. விட்டம், எடை 25 கிராமுக்குப் பக்கம். டிஸ்பிளேசர் கிராங்கின் வளைவு அச்சிலிருந்து 11 மி.மீ. தள்ளி, அதாவது 22 மி.மீ. ஓட்டம். பலூன் கிராங்க் 4 முதல் 5 மி.மீ. இரண்டுக்கும் இடையே 90 டிகிரி. எல்போ ஒரு இஞ்ச். உங்கள் கேன் ஒல்லியான 300 மி.லி. வகை என்றால் விட்டத்தை மட்டும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். இடைவெளிகள் அப்படியே இருக்கட்டும்.

## எந்த அறிகுறி ஆனாலும் முதலில் இது

பலூனையும் கிராங்கையும் இணைக்கும் கம்பியைக் கழற்றுங்கள். மேலே ஐஸ் தண்ணீர் ஊற்றி, விளக்கை வைத்து மூன்று நிமிடம் விடுங்கள். இப்போது டிஸ்பிளேசரைக் கிராங்கோடு இணைக்கும் தூண்டில் நரம்பைக் கையால் பிடித்து மேலே தூக்குங்கள், கொஞ்சம் நிறுத்துங்கள், கீழே விடுங்கள். பலூனைப் பாருங்கள்.

தூக்கியதும் பலூன் 5 மி.மீ.க்குக் குறையாமல் உப்பி, தூக்கிப் பிடித்திருக்கும் வரை அப்படியே நின்று, கீழே விட்டதும் உள்வாங்கினால் சூடு, குளிர், காற்றடைப்பு மூன்றும் சரி. கோளாறு கிராங்க் பக்கம். "பலூன் உப்புகிறது, சக்கரம் சுற்றவில்லை" என்ற பகுதிக்குப் போங்கள்.

உப்பிய பலூன் பிடித்திருக்கும்போதே மெல்லத் தளர்ந்தால் கசிவு. அசைவே இல்லை என்றால் பெரிய கசிவாக இருக்கலாம், டிஸ்பிளேசர் சிக்கியிருக்கலாம், அல்லது சூடே ஏறவில்லை. இரண்டுக்கும் அடுத்த பகுதி.

இந்தச் சோதனை முடியும்வரை யாரும் எதையும் வளைக்கவோ ஒட்டவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். ஒரே நேரத்தில் பலூனையும் மாற்றி, கிராங்கையும் வளைத்தால், ஓடினாலும் ஏன் ஓடியது என்று சொல்ல முடியாது. அடுத்த குழுவுக்கு உதவாது.

## பலூன் அசையவில்லை, அல்லது உப்பித் தளர்கிறது

### கசிவு

செலவில்லாத சோதனை. இன்ஜின் ஆறிய பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் எல்லா ஒட்டுகளிலும் தடவுங்கள். ஒரு மாணவர் பலூனை விரலால் மெதுவாக உள்ளே அழுத்த, மற்றவர்கள் குமிழியைத் தேடட்டும். கசியும் வாய்ப்பு அதிகமுள்ள இடங்கள் இந்த வரிசையில்: நரம்பு வெளியே வரும் ஓட்டை, எல்போ கேனில் ஒட்டிய இடம், மேல் மூடியின் விளிம்பு, பலூன் கட்டிய கழுத்து.

நரம்பு ஓட்டைதான் பெரும்பாலும் குற்றவாளி. 0.4 மி.மீ. தூண்டில் நரம்புக்கு ஆணியால் குத்திய ஓட்டை ரொம்பப் பெரிசு. குண்டூசி முனையால் குத்தினாலே போதும். ஏற்கெனவே பெரிதாகிவிட்டதா? நரம்பில் வாசலின் தடவி ஓட்டை வழியாகச் செலுத்தி நேராக இழுத்துப் பிடித்து, சுற்றிலும் ஒரு மிளகு அளவு சிலிக்கான் சீலன்ட் வையுங்கள். மறுநாள் நரம்பை மேலும் கீழும் அசைத்தால் சிலிக்கானில் அதற்கே அளவான துளை கிடைத்திருக்கும். வாசலின் தடவாமல் வைத்தால் நரம்பு சிலிக்கானோடு ஒட்டிக்கொண்டு அந்த நாள் வேலை வீண். இந்த இடத்தில் கொஞ்சூண்டு கசிவு இருந்தாலும் இன்ஜின் ஓடும். சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று சின்னக் குமிழி மெதுவாக வந்தால் விட்டுவிடுங்கள். அதையும் அடைக்கப் போய் நரம்பை இறுக்கிவிட்டால் உராய்வு கூடி, கசிவை விடப் பெரிய தொல்லை வரும்.

எல்போ ஒட்டில் கசிந்தால் பழைய எம்-சீல் மேலேயே புதிதாக அப்பாதீர்கள். சுரண்டி எடுத்து, கேனின் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரிந்த பிறகு ஒட்டுங்கள். பெயின்ட் மேல் ஒட்டியது பெயின்ட்டோடு உரிந்து வரும். எம்-சீல், அரால்டைட் இரண்டும் சூட்டில் இளகுபவை. அவற்றைக் கேனின் மேல் 30 மி.மீ.க்குள் மட்டும் பயன்படுத்துங்கள். அதற்குக் கீழே வந்தால் அதிக வெப்பம் தாங்கும் சிவப்பு ஆர்டிவி சிலிக்கான். சிலிக்கான் ஒட்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள்: வினிகர் வாடை அடித்தால் இன்னும் காயவில்லை. ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

### பலூன்

இழுத்துக் கட்டிய பலூன் முரசுத் தோல் மாதிரி நிற்கும். இந்த இன்ஜினில் உண்டாகும் சொற்ப அழுத்தத்தால் அதை அசைக்க முடியாது. பலூன் தொளதொளவென்று இருக்க வேண்டும். நடுவில் விரல் வைத்தால் ரப்பர் நீளாமலே மேலும் 5 மி.மீ., கீழும் 5 மி.மீ. போய்வர வேண்டும். பெரிய பலூனின் அடிப்பாகத்தை வெட்டி, எல்போ வாயில் போர்த்தி, ரப்பர் பேண்ட் போடும் முன் நடுவைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திக்கொள்ளுங்கள். ஆய்வக லேட்டக்ஸ் கையுறையின் உள்ளங்கைப் பகுதியும் நன்றாக வேலை செய்யும். சொல்லப்போனால் மலிவுப் பலூனை விட அதுவே மேல்.

பலூனில் எண்ணெய் படக் கூடாது. மெஷின் எண்ணெயும் வாசலினும் இயற்கை ரப்பரை ஊறவைத்துப் பலமிழக்கச் செய்யும். கிராங்குக்கு எண்ணெய் விட்ட கையோடு தொட்ட மாணவரின் பலூன் அடுத்த வாரம் கிழிந்திருக்கும்.

### டிஸ்பிளேசர்

நரம்பைத் தூக்கி விடும்போது தடையில்லாமல் பொத்தென்று விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் சுவரில் உரசுகிறது. கேனை லேசாகச் சாய்த்து இதே சோதனையைச் செய்தால் எந்தப் பக்கம் உரசுகிறது என்று தெரிந்துவிடும். சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி வேண்டும். 1 மி.மீ.க்குக் குறைந்தால் உரசும். 4 மி.மீ.க்கு மேல் போனால் அந்த இடைவெளியில் காற்று சும்மா நின்றுவிடும், பலூன் சோம்பலாக உப்பும்.

பலர் கவனிக்காத ஒன்று: கேனின் அடி உள்நோக்கி மேடாக இருக்கும். டிஸ்பிளேசரின் அடி தட்டையாக இருந்தால் அது அந்த மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, சுற்றிலும் ஒரு வளையம் காற்று பயனில்லாமல் தங்கிவிடும். இன்னொரு காலிக் கேனின் அடியில் கம்பி நாரை வைத்து அழுத்திக் குழி உண்டாக்குங்கள். மேலே 3 மி.மீ., கீழே 3 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் சோப்பு கலந்த வகையை வாங்காதீர்கள். சாதா இரும்பு நார் ஒரு பருவ மழையில் துருப்பிடித்துத் தூளாக உதிரும். துருவேறாத ஸ்டீல் ஸ்கிரப்பர் நீடிக்கும். சுருளைப் பிரித்து, நடுவில் கம்பி வைத்து உருட்டி, கேனை விடச் சின்ன டப்பாவில் போட்டு அழுத்தினால் உருளை வடிவம் வந்துவிடும்.

### சூடு

விளக்கின் ஜுவாலை நுனி கேனின் அடியைத் தொட்டால் போதும், திரி அடியில் முட்டக் கூடாது. மெழுகுவர்த்தியும் நல்லெண்ணெய் அகலும் கரி படியவைக்கும்; கரிப்படலம் சூடு ஏறுவதைத் தடுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆறவைத்துத் துடையுங்கள். கற்பூரம் வேண்டவே வேண்டாம்: கரியும் அதிகம், ஜுவாலையைக் கட்டுப்படுத்தவும் முடியாது.

மின்விசிறியை நிறுத்துங்கள். பட்டறையில் ஓடிய இன்ஜின் கண்காட்சி அரங்கில் ஓடாமல் போனால் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டியது கூரையை. ஜுவாலை சாய்ந்தால் அடியை விட்டுப் பக்கச் சுவரைச் சுடும். மேல்பகுதியும் சேர்ந்து சூடாகும். விளக்கைச் சுற்றி மூன்று பக்கம் தகர மறைப்பு வைத்தால் தீரும்.

### எப்போது விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவது

மூடி விளிம்பில் இரண்டு முறை ஒட்டியும் கசிந்தால் கேன் நசுங்கியிருக்கிறது. புதுக் கேன் எடுங்கள், அதுவே மலிவு. எல்லா ஆண்டும் பயன்படுத்தும்படி இரும்பு டப்பாவில் செய்ய நினைத்தால் தகரப் பட்டறையில் கொடுங்கள். அப்போது ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: அடிப்பக்கத்தில் ஈயப் பற்று கூடாது. சாதாரண ஈயப் பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும். அடி மடிப்பு ஒட்டாகவோ வெல்டாகவோ இருக்கட்டும்.

## பலூன் உப்புகிறது, சக்கரம் சுற்றவில்லை

இந்த அறிகுறி வந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. நெருப்பை அணையுங்கள், மீதி எல்லாம் குளிர்ந்த நிலையிலேயே பார்க்கலாம்.

### உராய்வு

டிஸ்பிளேசர், பலூன் இரண்டு இணைப்பையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். 15 சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். 30 வந்தால் அருமை. ஐந்தாறில் நின்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், உராய்வு மட்டும்தான் பிரச்சினை.

கிராங்க் கம்பி நேராக இல்லை என்பதே எளிய காரணம். கம்பியை அதன் ஓட்டைகளில் வைத்து மெல்லச் சுற்றி, நுனியைப் பாருங்கள். நுனி வட்டமடித்தால் கம்பி கோணல். வளைவுகளைத் தாண்டி இரண்டு முனைகளும் ஒரே கோட்டில் வர வேண்டும். போக்ஸ் கம்பி 2 மி.மீ. கெட்டிக் கம்பி, கையால் நிமிர்த்தினால் வேறு இடத்தில் வளையும். இரண்டு குறடால் பிடித்து, வளைவுக்கு ஒட்டினாற்போல் நிமிர்த்துங்கள். மூன்று முறைக்கு மேல் வளைத்து நிமிர்த்திய கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வளையுங்கள்.

அடுத்தது கம்பி தாங்கும் ஓட்டை. கேன் தகரத்தில் குத்திய ஓட்டையின் பிசிறு கம்பியைச் சுரண்டும். மின்சாரக் கடையில் கிடைக்கும் ஸ்ட்ரிப் கனெக்டரின் பிளாஸ்டிக்கை வெட்டினால் உள்ளே சின்னப் பித்தளைக் குழாய்கள் வரும். அவற்றின் திருகைக் கழற்றிவிட்டு, தாங்கிகளாகக் கேனில் ஒட்டிக்கொள்ளலாம். அதே குழாய்களைத் திருகோடு கிராங்கில் மாட்டினால் இணைப்புக் கம்பிகள் பக்கவாட்டில் நகராது. ஒட்டும்போது கம்பியை இரண்டு தாங்கியிலும் செருகி வைத்தபடியே ஒட்டுங்கள். தனித்தனியாக ஒட்டினால் நேர்கோடு தப்பும். ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகிவிடும்.

பால் பேரிங் போட ஆசைப்படும் குழுக்கள் உண்டு. 608 பேரிங்கை அப்படியே போட்டால் அதிலுள்ள கிரீஸே இந்த இன்ஜினை நிறுத்திவிடும். போடுவதென்றால் 3 மி.மீ. துளை உள்ள 623 வகை; ரப்பர் மூடியை ஊசியால் எடுத்து, கிரீஸை ஆசிரியரே மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு துளி மெஷின் எண்ணெய் விட வேண்டும். விளக்கு எரியும் மேசைக்குப் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்.

சிடி தள்ளாடினால் அதன் 15 மி.மீ. துளையில் உள்ள பாட்டில் மூடியோ கார்க்கோ நடுவாக இல்லை. விளிம்புக்குப் பக்கத்தில் பென்சிலை அசையாமல் பிடித்துச் சுற்றுங்கள். தொடும் பக்கம், விலகும் பக்கம் தெரியும்.

### இணைப்புக் கம்பியின் நீளம்

இது அடிக்கடி வரும் பிழை, கண்ணுக்கும் எளிதில் தெரியாது. பலூன் கிராங்க் படுக்கைவசமாக நிற்கும்போது பலூன் தட்டையாக, எந்தப் பக்கமும் இழுபடாமல் இருக்க வேண்டும். கம்பி நீளமானால் பலூன் எப்போதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். குட்டையானால் மேலே இழுபட்டிருக்கும். இரண்டிலும் சக்கரம் ஒரே இடத்தில் முட்டி நிற்கும். 2 மி.மீ. வித்தியாசமே ஓட்டத்தைக் கெடுக்கும். கம்பியை இரண்டு துண்டாகச் செய்து நடுவில் ஸ்ட்ரிப் கனெக்டர் போட்டால் திருகைத் தளர்த்தி நீளத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரே துண்டாக வளைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக வளைத்துக்கொண்டிருப்பார்கள்.

### கோணம்

சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். டிஸ்பிளேசர் உச்சியில் நிற்கும் நேரத்தில் பலூன் நடு உயரத்தில், மேலே ஏறிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது பலூன் உச்சியிலோ அடியிலோ இருந்தால் கோணம் தப்பு. கிராங்கைப் பக்கவாட்டில் இருந்து பார்த்து, அஞ்சலட்டையின் மூலையை இரண்டு வளைவுக்கும் நடுவே வைத்தால் 90 டிகிரி தெரிந்துவிடும். 80, 100 வந்தாலும் ஓடும். 60 என்றால் திரும்ப வளைக்க வேண்டும்.

### எடைச் சமன்

நரம்பு இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. டிஸ்பிளேசர் தன் எடையில்தான் இறங்குகிறது. அதனால் சக்கரம் எப்போதும் டிஸ்பிளேசர் அடியில் இருக்கும் நிலையில் போய் நின்றுகொள்ளும். பலூன் கம்பியை மட்டும் கழற்றிச் சக்கரத்தை விட்டுப் பாருங்கள். எங்கே விட்டாலும் அங்கேயே நின்றால் சமன் சரி. எப்போதும் ஒரே நிலைக்குத் திரும்பினால், டிஸ்பிளேசர் கிராங்குக்கு நேர் எதிர்ப்பக்கம் சிடியில் எடை ஒட்ட வேண்டும். கணக்கு எளிது: 25 கிராம் டிஸ்பிளேசர், 11 மி.மீ. கிராங்க், பெருக்கினால் 275. சிடியின் மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி ஒட்டினால் 275-ஐ 50-ஆல் வகுக்க ஐந்தரை கிராம். இரண்டு எம்6 நட்டு கிட்டத்தட்ட அவ்வளவு வரும். முதலில் செலோடேப்பால் ஒட்டி, சரிபார்த்து, பிறகு பசை வையுங்கள். இந்தக் கணக்கை மாணவர்களையே போடவிடுங்கள். நெம்புகோல் பாடத்தின் விடை கையில் சுற்றுவதை அவர்கள் வேறெங்கும் பார்க்கப் போவதில்லை.

### எப்போது லேத் பட்டறை

பித்தளைத் தாங்கி, நேர்க் கம்பி, சரியான நீளம், கோணம், சமன் எல்லாம் பார்த்தும் 15 சுற்று வரவில்லை என்றால் கிராங்கைக் கையால் வளைப்பதை விடுங்கள். லேத் பட்டறையில் 3 மி.மீ. நேர்க் கம்பியும், அதற்குத் துளை போட்ட இரண்டு பித்தளை வட்டுகளும் செய்து வாங்கலாம். 11 மி.மீ., 5 மி.மீ. தள்ளித் துளை வேண்டும் என்று படம் வரைந்து அளவு குறித்துக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் விட்டத்தையும் ஆரத்தையும் மாற்றிச் செய்து தருவார்கள்.

## தள்ளிவிட்டால் நாலைந்து சுற்று ஓடி நிற்கிறது

ஆறிய நிலையில் சுண்டியதற்கும் சூடாக இருக்கும்போது சுண்டியதற்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறிய இன்ஜின் இரண்டு சுற்று, சூடான இன்ஜின் ஆறு சுற்று என்றால் ஓடும் நிலைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. சின்ன மாற்றம் செய்தால் ஓடும்.

முதலில் ஐஸ் போடுங்கள். சித்திரை, வைகாசியில் பட்டறையே 38 டிகிரியில் இருக்கும்போது குழாய்த் தண்ணீர் குளிர்ச்சியே ஆகாது. அடுத்து பலூன் கிராங்கை 5-லிருந்து 4 மி.மீ.க்குக் குறையுங்கள்: பலூன் நிறைய அசைய வேண்டும் என்று பெரிய கிராங்க் போடுவார்கள், ஆனால் உள்ளே உண்டாகும் காற்று விரிவு அதற்குப் போதாமல், ஓட்டத்தின் கடைசியில் பலூனே பிரேக் போடும். அதற்கும் சரியாகாவிட்டால் சிடி ஒன்றைக் கூட்டுங்கள். ஒரே சிடி என்றால் இரண்டு, இரண்டு என்றால் மூன்று. நான்காவது சிடியால் பலன் இல்லை, தாங்கியில் உராய்வுதான் கூடும்.

## நன்றாக ஓடி, சில நிமிடத்தில் தானே நிற்கிறது

மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியவில்லை என்றால் குளிர்ப்பக்கம் சூடாகிவிட்டது. தண்ணீரை மாற்றி, கேனின் நடு உயரத்தில் வட்டமாக வெட்டிய தகரத் தட்டு ஒன்றைக் குடை போலச் செருகுங்கள். ஜுவாலையின் சூடு மேலே ஏறாது. ஐஸ் தொட்டிக்குப் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி ஒட்டியிருந்தால் அது சூட்டில் சுருங்கிக் கசிகிறதா என்றும் பாருங்கள்.

கேனை அசைத்தால் உள்ளே சளசளவென்று சத்தம் வருகிறதா? தண்ணீர் இறங்கிவிட்டது. இதை அலட்சியம் செய்யக் கூடாது. அடைபட்ட டப்பாவில் தண்ணீர் கொதித்தால் நீராவி பலூனைப் பிய்த்துக்கொண்டு வரும். விளக்கை அணைத்து, ஆறவிட்டு, பலூனைக் கழற்றி, கேனைக் கவிழ்த்து ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். கசிந்த இடத்தை அடைத்த பிறகுதான் மறுபடி சூடு.

இரண்டுமில்லை என்றால் நரம்பு. நைலான் சூட்டில் நீளும்; நீண்டால் டிஸ்பிளேசர் அடியில் தட்டத் தொடங்கும். நரம்பை டிஸ்பிளேசருக்குள் விடாமல் அதன் நடுக் கம்பியின் மேல்முனையில் கட்டினால் நரம்பு குளிர்ப்பக்கத்திலேயே இருக்கும். கிடாரின் மெல்லிய எஃகுத் தந்தி போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் முடிச்சுப் போடுவது சிரமம். முனையை நாலு சுற்று முறுக்க வேண்டும்.

## பலூன் உப்பியபடியே நிற்கிறது, அல்லது உள்ளே ஒட்டிக்கொள்கிறது

காற்றடைப்பு ரொம்ப நன்றாக இருந்தால் வரும் கோளாறு. குளிர்ந்த நிலையில் மூடிய காற்று சூடானதும் மொத்தமாக விரிந்து பலூனை மேலேயே நிறுத்திவிடுகிறது. ஓடி முடித்து ஆறினால் இதற்கு நேர் எதிர்: பலூன் எல்போவுக்குள் இழுத்துக்கொள்ளும்.

எல்போவில் குண்டூசித் துளை ஒன்று போட்டு, அந்தக் குண்டூசியையே அடைப்பாக வையுங்கள். சூடேறி இரண்டு நிமிடம் ஆனதும் ஊசியை எடுத்து, பலூன் சமநிலைக்கு வந்ததும் திரும்பச் செருகுங்கள். அணைத்த பிறகும் ஊசியை எடுத்துவிட வேண்டும்.

## டக் டக் என்று சத்தம்

மெதுவாகச் சுற்றும்போதே சத்தம் வந்தால் டிஸ்பிளேசர் மேலேயோ கீழேயோ முட்டுகிறது. நரம்பு நீளத்தை மாற்றுங்கள். வேகம் பிடித்த பிறகு மட்டும் வந்தால் கவலை வேண்டாம், இன்ஜின் நன்றாக இருக்கிறது: 11 மி.மீ. கிராங்கில் நிமிடத்துக்கு 280 சுற்றை நெருங்கும்போது டிஸ்பிளேசர் விழும் வேகம் கிராங்குக்கு ஈடு கொடுக்காது, நரம்பு தொய்ந்து வெடுக்கென்று இழுபடும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் நரம்புக்குப் பதில் விறைப்பான கம்பியும், அதற்கு அளவான பித்தளைக் குழாயும் வேண்டும்.

## எதிர்த்திசையில் சுற்றுகிறது

கோளாறே இல்லை. டிஸ்பிளேசர் கிராங்க் முன்னே, பலூன் கிராங்க் 90 டிகிரி பின்னே வரும் திசையில்தான் சுற்றும். குழுவினர் மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்திருப்பார்கள்.

## நாற்றம், புகை

முதல் சூட்டில் கேனின் பெயின்ட்டும் உள்பூச்சும் கருகும். அதனால் ஒட்டு வேலைக்கு முன்பே, வெட்டிய கேனின் அடிப்பகுதியை வெளியே திறந்த இடத்தில் ஆசிரியர் ஒருமுறை சுட்டு எடுத்துவிடுவது நல்லது. இரண்டாம் நாளும் புகை வந்தால் ஏதோ ஒரு பசை சூடான பகுதிக்கு மிக அருகில் இருக்கிறது.

அடியில் கேன் பொத்துக்கொண்டால் நெருப்பு அதிகம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். இந்தத் தகடோ காகிதத்தை விடக் கொஞ்சம்தான் தடிமன். கேஸ் பர்னர் இதற்கு வேண்டாம். ஸ்பிரிட் விளக்கை எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ நிரப்பக் கூடாது. வெயிலில் ஸ்பிரிட் ஜுவாலை கண்ணுக்கே தெரியாது, ஆகவே முற்றத்தில் வைத்து ஓட்டாதீர்கள். பக்கத்தில் மணல் வாளியும் ஈரச் சாக்கும் இருக்கட்டும். பட்டறையில் கேஸ் வாடை வந்தால் தேடிக்கொண்டிருக்காமல் மாணவர்களை வெளியே அனுப்பி, ரெகுலேட்டரை மூடி, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் கேஸ் ஏஜென்சியை அழையுங்கள்.

## டெஸ்ட் டியூப் வகை: ஆடவில்லை

நடுவில் தாங்கிய டெஸ்ட் டியூப் சீசா போல ஆட, உள்ளே கோலிக்குண்டுகள் உருண்டு இடம் மாறும், ரப்பர் கார்க் வழியாகக் குழாய் போய்க் கண்ணாடி சிரிஞ்சைத் தள்ளும் வகை இது. இங்கே பாதிக் கோளாறு சிரிஞ்சில்தான்.

சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, உள்தண்டு தன் எடையிலேயே சறுக்குகிறதா என்று பாருங்கள். மூக்கை விரலால் அடைத்தால் நின்று, மிக மெதுவாக இறங்க வேண்டும். அடைத்தும் சரசரவென்று இறங்கினால் கசிவு. அடைக்காமலே நின்றால் அழுக்கு. பல கண்ணாடி சிரிஞ்சுகளில் உறையிலும் தண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். கழுவும்போது ஜோடி மாறிவிட்டதா என்று முதலில் எண்ணைப் பாருங்கள். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்தால் போதும். எண்ணெய் விட்டால் ஒட்டிக்கொள்ளும். வேண்டுமானால் பென்சில் கரியைத் தூளாக்கி லேசாகத் தடவலாம். பிளாஸ்டிக் சிரிஞ்ச் இதற்கு உதவாது, அதன் ரப்பர் உராய்வு மிக அதிகம்.

சிரிஞ்ச் சரியென்றால் சமன். குண்டுகள் கார்க் பக்கம் இருக்கும்போது அந்தப் பக்கம் மெதுவாகத் தாழ வேண்டும். கையால் கொஞ்சம் தூக்கினாலே குண்டுகள் உருண்டு எதிர்ப்பக்கம் தாழ வேண்டும். தாழவில்லை என்றால் தாங்கும் இடத்தை 2 அல்லது 3 மி.மீ. நகர்த்துங்கள். 16 மி.மீ. குண்டுக்கு 18 மி.மீ. உள்விட்டக் குழாய் பொருந்தும். குழாயின் மூடிய முனையில் கொஞ்சம் ஸ்டீல் நாரை அடையுங்கள், இல்லாவிட்டால் சூடான கண்ணாடியில் குண்டு மோதி விரிசல் விடும். போரோசிலிக்கேட் குழாய் மட்டும். கீறல் தெரிந்த குழாய் குப்பைக்கு. எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவித்த பிறகே விளக்கு.

## கடையில் வாங்கிய, சுடுநீர்க் கோப்பை மேல் வைக்கும் வகை: திடீரென்று நின்றது

இதைக் கழற்றும் முன் யோசியுங்கள். கொதித்த நீரா, மேல்தட்டு குளிர்ந்திருக்கிறதா, கையால் தள்ளினால் தடையின்றிச் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். மேல்தட்டில் ஐஸ் கட்டி வைத்தால் பல நேரம் ஓடத் தொடங்கும். பிஸ்டன் இறுக்கமாக இருந்தால் உலர்ந்த டிஷ்யூவால் துடையுங்கள். கிராஃபைட் பிஸ்டனுக்கு எண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். அக்ரிலிக் பாகங்களில் ஸ்பிரிட் பட்டால் மயிரிழை விரிசல் ஓடும், நெருப்பு மேல் வைத்தால் உருகும். பிஸ்டனோ அதன் கண்ணாடிக் குழாயோ உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்ற முயலாதீர்கள். இரண்டும் சேர்த்து உரசிப் பொருத்தியவை, ஜோடியாகத்தான் விற்றவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.